பாலத்துக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

முணுமுணுவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கிழி.

எனக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பெரிய வியாதி எதுவும் இல்லை. குரல் நாணில் முடிச்சு விழுந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "கத்தற வேலை" என்றேன். நான் வீட்டு நிலவரத்தைச் சொல்வதாக நினைத்து அவர் என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு டப்பிங், நிஞ்சா கார்ட்டூன் தொடர், சண்டைக் காட்சி என்று எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று.

இப்போது வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுப்பது கத்துவதைவிடக் கெடுதலாம். கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு அலைகிறேன். காய்கறிக்காரர் எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிவிட்டு, தக்காளி விலையை என் முகத்துக்கு நேராக அலறுகிறார். போனில் பேச வழியில்லை, உன் நம்பரும் மாறிவிட்டது. உன் அண்ணனுடைய மூக்குக் கண்ணாடிக் கடை முகவரி மட்டும்தான் என்னிடம் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய நிஞ்சா தொடரை ஒரு புது நிறுவனம் வாங்கியிருக்கிறது. பாதியில் நின்ற இடத்திலிருந்து மீதி முழுவதையும் தமிழில் கொண்டுவரப் போகிறார்களாம். நேற்று நம் சவுண்ட் இஞ்சினியர் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார். அவருக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. சட்டை மட்டும் அதே பழைய கட்டம் போட்ட சட்டைதான், சத்தியம் செய்வேன். "பழைய குரல்தான் வேணுமாம்மா. கத்தியும் வரணும், முணுமுணுவும் வரணும்னு சொல்றாங்க" என்றார். அவர் வைத்த பெயர்கள் இன்னும் அவர் வாயில் அப்படியே இருக்கின்றன.

உனக்கு நினைவிருக்கிறதா? தொடரில் என் பையன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பாய்கிறவன். உன் பையன் மரக்கிளையில் உட்கார்ந்து பல்லுக்குள்ளேயே பேசுகிறவன். முதல் நாளே இஞ்சினியர் அண்ணன் ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "கத்தி கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முணுமுணு கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். அதோடு நம் சொந்தப் பெயர்கள் போயே போயின. இரண்டு பேருக்கும் ஒரே மைக். நீ நெட்டை, எனக்கு மட்டும் காலடியில் பலகை. சத்தம் பதிவாகிவிடும் என்று டேக்குக்கு டேக் ஏசியை நிறுத்துவார்கள், நாம் நின்ற இடத்திலேயே ஓடுவோம், மூச்சு வாங்குவோம், நெஞ்சில் குத்திக்கொண்டு அடிபட்ட மாதிரி முனகுவோம். வாயைக் கட்டிப்போட்ட காட்சிக்கு நீ உன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே வசனம் பேசினாய். நான் சிரித்துச் சிரித்துப் பலகையிலிருந்து விழுந்தேன். கல்யாண வயதில் இரண்டு பெண்கள், நாள் பூராவும் பதிமூன்று வயதுப் பையன்களாக இருந்தோம். அதைவிட நல்ல காலம் எனக்கு வரவில்லை.

மீட்புப் பயணம் வருகிற பகுதியையும் புதிதாகப் பதிவு செய்யப் போகிறார்கள். மலைக்கோட்டைக்காரர்கள் உன் பையனைத் தூக்கிப்போக, என் பையன் இரண்டு கூட்டாளிகளோடு மீட்கக் கிளம்புவானே, அது. அடிபட்டு மிதிபட்டுக் கயிற்றுப் பாலம்வரை போய்ச் சேர்ந்தால், அந்தப் பக்கம் உன் பையன் எந்தக் கட்டும் இல்லாமல் நிற்பான். "திரும்பிப் போ" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அறுத்துவிடுவான். அந்தக் காட்சியை நாம் சேர்ந்து பேசவே இல்லை. அதற்கு முன்பே நீ அண்ணன் வீட்டோடு போய்விட்டாய்.

நானும் உன்னை மீட்கத்தான் வந்தேன். இஞ்சினியர் அண்ணன் காரில், வசனம் எழுதுகிறவரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். நீயும் திரும்பிப் போ என்றுதான் சொன்னாய். பதினோரு வருஷம் ஆகிறது. நான் அதைக் கிளறவில்லை. வேலைக்காகத்தான் எழுதுகிறேன்.

பதில் போடு.

கத்தி


மார்ச் 11

கத்திக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

என்னால் வர முடியாது. கடையில் வேலை இருக்கிறது. இப்போது லென்ஸ் பொருத்துவது, பிரேம் சரிசெய்வது, கண் பார்த்து அனுப்புவது எல்லாம் நான்தான். என் குரலுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. "அடுத்த வரி படிங்க. முடியலையா? பரவாயில்ல, அதுக்கு மேல் வரியைப் படிங்க." நாள் பூராவும் இதுதான் வசனம். யாரும் ரீடேக் கேட்பதில்லை.

கிளறவில்லை என்று எழுதிக்கொண்டே நன்றாகக் கிளறியிருக்கிறாய். ஆகையால் ஒரு திருத்தம். அன்றைக்குக் காரை விட்டு இறங்கிய நீ என்னிடம் வரவில்லை. நேராக என் அண்ணனிடம் போனாய். கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை அப்போதுதான் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அதில் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தது, என் அண்ணன் மூக்குக்கு நேராக நீட்டியிருந்த உன் விரலை.

மனைவியைப் பறிகொடுத்து நாலு மாதம்கூட ஆகாத மனிதரிடம், "உங்க பிள்ளைங்களுக்கு ஆயா வேணும்னா சம்பளத்துக்கு ஆள் வையுங்க" என்றாய்.  அவர் இன்றுவரை அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதை நீ உன் கடிதத்தில் எழுத மறந்துவிட்டாய்.

தொண்டை வலிக்கிறதா? வெந்நீர் குடி. ஐஸ் பக்கம் போகாதே, உனக்குச் சொன்னால் புரியாது.

பதில் எழுத வேண்டாம்.

முணுமுணு


மார்ச் 16

முணுமுணுவுக்கு,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருப்பேனா? பேச முடியாதவளிடம் எழுதவும் கூடாது என்கிறாயே, உனக்கே அடுக்குமா?

சரி, உன் அண்ணனிடம் நான் பேசியது தப்பு. அவரிடம் அதைச் சொல்ல வேண்டியது நான், உன் வழியாகச் சொல்லியனுப்ப மாட்டேன். ஆனால் நீ விட்டதும் ஒன்று இருக்கிறது.

சேனல்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தது நான். "திங்கட்கிழமை அவளைக் கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்" என்று மார்தட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை தனியாகப் போய் நின்றேன். அவசரத்துக்கு ஒரு பெண்ணைப் பிடித்துவந்து உன் பையனுக்குப் பேசவைத்தார்கள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கோட்டைக்குப் போனதும் உன் பையனுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பார்த்த பிள்ளைகளெல்லாம் சேனலுக்குப் போன் போட்டு, "அந்த அண்ணன் எங்கே? இது வேற யாரோ" என்று அழுதார்களாம். கொஞ்ச நாளில் தொடரையே நிறுத்திவிட்டார்கள். இஞ்சினியர் அண்ணன் கல்யாண வீடியோ எடிட் செய்யப் போனார். நான் சோப்பு விளம்பரத்துக்கு இருமினேன். இருமல் மருந்து விளம்பரத்துக்கு அதைவிட அதிகமாக இருமினேன்.

அந்தப் பாலக் காட்சியை நான் பேசினேன். ஹெட்போனில் யாரோ ஒருத்தி "திரும்பிப் போ" என்கிறாள். எனக்குக் கேட்டது உன் குரல். உன் பையன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். கத்தினேன். திரையில் அவன் வாய் மூடிய பிறகும் கத்திக்கொண்டிருந்தேன். இஞ்சினியர் அண்ணன் ஓகே சொல்லவே மறந்துவிட்டார். இந்த முடிச்சு அன்றைக்கு விழுந்ததுதான் என்று நான் சொன்னால் டாக்டர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நீ என்ன சொல்லி என்னை அனுப்பினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "அந்த ரூம்ல உன் பக்கத்துல நின்னு நின்னு எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. இனிமே உன் சத்தமே கேக்காம இருந்தா போதும்" என்றாய். எல்லார் முன்னாலும், நிதானமாக, பல்லுக்குள்ளே. நீ கத்தியிருந்தால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன்.

அது நிஜமா? இதற்கு மட்டும் பதில் எழுது. பிறகு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கத்தி


மார்ச் 27

கத்திக்கு,

பாதி நிஜம். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் சேர்த்து நீயே பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு லீவு நீ கேட்டாய். என் வசனத்தில் ஒரு சொல் இடறினால் எழுதினவரிடம் நீ சண்டை போட்டாய். டீக்கடையில் "அவளுக்குச் சர்க்கரை கம்மி" என்று நீ சொன்னாய். எனக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும். ஆறு வருஷம் கசந்த டீயைக் குடித்தேன். சொல்லியிருக்கலாம்தான். நீ இடம் கொடுத்திருக்க வேண்டும், நானும் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் பக்கத்தில் நின்றால் எனக்கு வாய் தேவைப்படவில்லை. அது சுகமாகவும் இருந்தது, மூச்சும் முட்டியது.

மீதிப் பாதி சின்னவளைப் பற்றியது.

அண்ணி தவறியதும் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தது உனக்குத் தெரியும். பெரியவன் அழுதான், கோபப்பட்டான், மெல்லத் தேறினான். சின்னவளுக்கு அப்போது நாலு வயது. அண்ணி போன நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அழவும் இல்லை. டாக்டர், பொறுமையாக இருங்கள் என்றார். ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதைச் சொல்லிப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. என்ன தோன்றியதோ, என் பையன் குரலில், "இந்தக் கோட்டையில சாப்பாடு மட்டமா இருக்கு. ஆனா வெறும் வயித்தோட சண்டை போட முடியாதே" என்று முணுமுணுத்தேன். நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து எல்லாம் அந்தக் குரலில்தான். குளிப்பாட்டவும் அவன், தலைவாரவும் அவன், தூங்கவைக்கவும் அவன். நீங்கள் வந்த வாரத்தில்தான் அவள் முதன்முதலாகப் பேசினாள். "நிஞ்சா, தண்ணி." அண்ணன் கையில் இருந்த லென்ஸைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீ கடைக்குள் வந்தபோது அவள் என் மேஜைக்கு அடியில் இருந்தாள். காலிக் கண்ணாடிக் கூடுகளை அடுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நீ அண்ணனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்ததும் அந்தக் கோட்டை சரிந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள். உன்னை உடனே வெளியே அனுப்ப வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எதைச் சொன்னால் நீ போவாய் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முடியும்வரை அவள் மறுபடி பேசவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் எடுக்கக் கை வரவில்லை. பிறகு நம்பரையே மாற்றினேன். அவள் தேறினாள், பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று இப்போது டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார். என் கோபமும் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? நீயாவது கத்தி ஆரம்பிப்பாய். எனக்கு அதுவும் வராது.

இன்னொன்று. நீ என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டு வந்தாய். அண்ணன் என்னைப் பிடித்து வைக்கவில்லை. போ என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருந்தது. நீ வர்றியா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

முணுமுணு


ஏப்ரல் 20

முணுமுணு,

எழுதி எழுதிக் கிழித்தேன். "யாருக்குடி இந்தப் பாடு படற?" என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார்.

ஏதோ சரிந்து விழுந்த சத்தம் எனக்கும் நினைவிருக்கிறது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தில் என் பேச்சு அமுங்கிவிடக் கூடாதே என்று இன்னும் கூட்டிக் கத்தினேன்.

நாங்கள் எப்படிக் கிளம்பி வந்தோம் தெரியுமா? கார் பாதி வழியில் நின்றுவிட்டது. வசனக்காரரும் நானும் தள்ளினோம். அவர் தள்ளிக்கொண்டே, திரும்பும்போது உன் பையனுக்கு நாலு கூடுதல் வசனம் எழுதித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் உனக்காக ஜன்னலோரத்து சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். உனக்குப் பஸ்ஸிலும் ஜன்னல்தானே பிடிக்கும். திரும்பும்போது அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.  வழியில் இஞ்சினியர் அண்ணன், "நாம அந்தப் பொண்ணைக் கேட்டுட்டு வந்திருக்கலாமோ?" என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். சிலருக்கு உடனே தெரிகிறது. எனக்குத் தொண்டையை மூடிப் பதினோரு வருஷப் பழைய கதையைப் படிக்கக் கொடுத்தால்தான் தெரிகிறது.

என் குரல் வந்துவிட்டது. முதல் நாள் பேசியபோது பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கரகரவென்று, எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கிறது. பேசலாம், கத்த மட்டும் கூடாது, இனி எப்போதுமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பையன் போய்விட்டான். 

அவனுக்கு ஒரு சின்னப் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போய்க் கேட்டேன். நன்றாகக் கத்துகிறாள், பாழாய்ப்போனவள். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், கிடைக்கவில்லை. எனக்கு டப்பிங் இயக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இஞ்சினியர் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி. உட்கார்ந்து பார்த்தேன். இங்கிருந்து பார்த்தால் மைக் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். இயக்குநராகக் கேட்கவில்லை.

நீ வர்றியா?

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டேன்.

சின்னவளுக்கு என்னை நினைவிருக்கிறதா?

கத்தி


மே 2

கத்திக்கு,

வருகிறேன். கடை விடுமுறை நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் நான் இங்கேதான்.

சின்னவளும் கூட வருகிறாள். உன்னைத் துளிகூட நினைவில்லை என்கிறாள்.

டீயில் சர்க்கரை தூக்கலாக.

முணுமுணு


ஜூன் 9

கத்திக்கு,

நேற்று அங்கே வைத்துச் சொல்ல வராததை எழுதுகிறேன். எனக்கு எப்போதுமே ஒரு நாள் கழித்துத்தான் பேச்சு வரும்.

புது அறை எனக்குப் பிடிக்கவில்லை. ஏசி ஓடுகிற சத்தமே கேட்கவில்லை, ஆளுக்கொரு மைக், சுவரெல்லாம் துணி. அந்தப் பெண் வந்து என் காலைத் தொடப் போனாள். "அக்கா, சின்ன வயசுல நீங்க பேசினதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்" என்றாள். எனக்கு ஒரே நேரத்தில் பெருமையாகவும் கிழவியாகிவிட்ட மாதிரியும் இருந்தது. அவள் கத்தியபோது உன்னைப் பார்க்கப் பயந்து பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தேன். நீ கண்ணாடிக்குப் பின்னால் வாயை அசைத்துக்கொண்டிருந்தாய். அவளோடு சேர்ந்து, சத்தமில்லாமல்.

பாலக் காட்சி வந்தது. "திரும்பிப் போ." இரண்டே சொல். முதல் டேக்கில் அன்றைக்கு உன்னிடம் சொன்ன மாதிரியே வந்தது. இஞ்சினியர் அண்ணன், "ஓகேங்க, பிரமாதம்" என்றார். நீதான், "இன்னொண்ணு போவோம்" என்றாய். இரண்டாவது டேக்கில் குரல் குழைந்துவிட்டது. சின்னவளைத் தூங்கவைத்த குரல் அது.  அந்தப் பெண் எனக்கு உதவுகிற நினைப்பில் பக்கத்தில் வந்தாள். "அக்கா, நான் மீதித் தொடர் முழுக்கப் பார்த்துட்டேன். அவன் ஏன் கயித்தை அறுத்தான்னு சொல்லட்டுமா? தெரிஞ்சா பேசறதுக்கு ஈசியா இருக்கும்" என்றாள்.

ஹெட்போனில் உன் புதுக் குரல் வந்தது. "வேண்டாம்மா. அவளுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாய். கொஞ்சம் பொறுத்து, "நீ எப்படிச் சொல்லணும்னு நெனைக்கிறியோ அப்படிச் சொல்லு" என்றாய். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. மூன்றாவது டேக்கில் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் சின்னவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு வராந்தாவில் நீ அவளிடம் என்னவோ சொன்னாய். நான் தண்ணீர் குடிப்பது போலத் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "அந்த ஆன்ட்டி என்கிட்ட ஸாரி சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். சின்ன வயசுல உன் கோட்டையை இடிச்சுட்டேன்னாங்க. எனக்கு எந்தக் கோட்டையும் ஞாபகம் இல்ல, பரவாயில்லன்னு சொன்னேன். அதுக்குப் போய் அழறாங்க, அத்தை" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே, "மைக்ல கேக்கும்போது உங்க குரல் பெருசா இருக்கு. வீட்டுல எங்களுக்காகச் சின்னதா வெச்சிருந்தீங்களா?" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த அறை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நேற்று வரைக்கும் எனக்கே தெரியாது. அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன், நடுவில் எங்கேயோ போய்விட்டேன்.

அண்ணன் சீக்கிரமே வந்து பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். "எப்படி இருக்கா உன் சிநேகிதி?" என்றார். "சத்தம் கொறஞ்சிருக்கு" என்றேன். "அட, பாவமே" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.  வீட்டு வாசலில் பூட்டைத் திறந்துகொண்டே, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. இந்தத் தடவை யாரையும் காப்பாத்த வேண்டாம், சாப்பிட வரட்டும்" என்றார்.

வா.

முணுமுணு